வராதவர் பட்டியல்

அறுபத்துநான்கு கேள்விகள். அறுபத்துநான்குக்கும் ‘ஆம்’ என்று குறித்து முடித்தபோது குற்றாலிங்கத்துக்கு அது சரியாகப் படவில்லை.

சும்மா இல்லை. தென்காசிப் பக்கம் முப்பத்துநான்கு வருஷம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டிவிட்டு, தாசில்தாராக ஓய்வு பெற்ற மனுஷர் அவர். பதினோரு தேர்தலை நடத்திக் கொடுத்தவர். அவர் பார்த்த பூத்துகளில் காலை ஏழு மணிக்கே ஒருத்தன் குடித்துவிட்டு வந்து வாசலில் விழுந்து கிடப்பான். பெயர் விட்டுப்போச்சு என்று ஒரு அம்மாள் மண்ணை வாரித் தூற்றுவாள். பத்து மணிக்கு மெஷின் மக்கர் பண்ணும். ஏஜென்ட்டுகள் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடிக்காமல் மதியச் சாப்பாடு உள்ளே இறங்காது. இத்தனையும் நடந்தால்தான் அவருக்கு அது தேர்தல்.

இங்கே அப்படி ஒரு மண்ணும் இல்லை. மெரோவா குடியரசின் நாடாளுமன்றத் தேர்தல். இந்தியப் பெருங்கடலுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் பதினேழு தீவுகள். அதில் கிழக்குத்தீவு என்கிற துண்டு நிலத்தில், எப்போதோ பாய்மரக் கப்பலேறி வந்த தமிழர்களின் வாரிசுகள்தான் பாதிப் பேர். பதினான்கு நாடுகளிலிருந்து வந்திருந்த சர்வதேசக் கண்காணிப்பாளர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். குற்றாலிங்கத்துக்கு ஜோடியாக வாய்த்தவர் பிர்கிட்டா, டென்மார்க்கில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்தவர், ஆறடி உயரம். இவர் நிமிர்ந்து நின்றால் அந்த அம்மாளின் தோளுக்குத்தான் வருவார்.

மீன் ஏலக்கூடத்தைக் கழுவித் துடைத்து பூத் ஆக்கியிருந்தார்கள். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை, குடிதண்ணீர், கைக்குழந்தைக்காரிகளுக்குத் தனி வரிசை எல்லாம் இருந்தன. ஆளுங்கட்சி ஏஜென்ட்டும் எதிர்க்கட்சி ஏஜென்ட்டும் ஒரே பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் குற்றாலிங்கத்துக்குச் சந்தேகம் முற்றியது.

மணி நான்கு. பழக்கதோஷம் சும்மா விடுமா? எதிர்க்கட்சி ஏஜென்ட்டாக இருந்த பெண்ணிடம் போய் நின்றார்.

“ஏம்மா, நாலு மணி ஆயிட்டு. இன்னும் வராதவங்க லிஸ்ட்டு எங்க?”

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “வராதவங்க லிஸ்ட்டா? அது எதுக்குங்கய்யா?”

“எதுக்கா? ஆள் அனுப்பிக் கூட்டியாரதுக்குத்தான். எங்க ஊர்ல மூணு மணிக்கே ஆட்டோ பறக்கும்லா.”

“எங்க ஆளுங்களுக்கெல்லாம் இன்னிக்கு வேற வேலை இருக்குங்கய்யா” என்றாள் அவள், டீயை ஊதிக்கொண்டே.

குற்றாலிங்கம் திரும்பி வந்து பிர்கிட்டாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “வராதவர்கள் யார் யார் என்று பார்க்க வேண்டும்.”

பிர்கிட்டா படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். “அப்படி ஒரு கேள்வி இதில் இல்லையே, லிங்கம்.”

“இல்லைதான். இருக்க வேண்டும்.”

“நடப்பதைக் கவனிக்க வந்திருக்கிறோம். நடக்காததை எப்படிக் கவனிப்பது?”

கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அவர் வாக்குப்பதிவு முடிகிற வரைக்கும் காத்திருந்து, அதிகாரியிடம் கேட்டு, குறியிடப்படாத பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அதிகாரி மறுக்கவில்லை. எதற்குமே மறுக்காத ஊர் அது. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேரில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் வரவில்லை. எண்ணி முடித்தபோது அந்த பூத்தில் ஆளுங்கட்சி நூற்று நாற்பது ஓட்டு முன்னே நின்றது.

மறுநாள் ஞாயிறு. கண்காணிப்பாளர்களுக்கு ஓய்வு. பிர்கிட்டா கடற்கரைக்குப் போனார். குற்றாலிங்கம் நோட்டைத் தூக்கிக்கொண்டு மதலைமுத்துவின் ஜீப்பில் ஏறினார்.

குழுவுக்கு டிரைவர், மொழிபெயர்ப்பாளர் இரண்டும் மதலைமுத்துதான். நாற்பது வயசு, ஓயாத வாய். நோட்டைப் பார்த்ததும் அந்த வாய் மூடிக்கொண்டது.

“எதுக்கு சார் இதெல்லாம்? வந்தோமா, பாத்தோமா, போனோமான்னு இருக்க வேண்டாமா?”

“நீ வண்டிய எடு தம்பி. ஊர் சுத்திப் பாக்கப் போறோம்னு நெனச்சுக்க.”

முதல் வீட்டுக்காரர் அந்தோணிப்பிச்சை, மீன்பிடிக்கிறவர். வாய் நிறையச் சிரிப்போடு வரவேற்றார். எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த படகு இன்ஜின் பாகம் வந்துவிட்டதாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைநகரத் துறைமுகத்தில் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லித் தகவல் வந்ததாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

இரண்டாவது வீட்டில் ஒரு விதவைக்கு மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த வீட்டுப் பத்திரம் பதிவாகியிருந்தது. அதுவும் சனிக்கிழமை.

“சனிக்கிழமையா ரிஜிஸ்தர் ஆபீஸ்?” குற்றாலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் பொறந்ததுலேருந்து கேள்விப்பட்டதில்லையேம்மா!”

“ஆமாங்கய்யா. எனக்காகவே தொறந்து வச்ச மாதிரி இருந்துச்சு.” அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்.

மூன்றாவது வீட்டில் பாஸ்போர்ட் நேர்காணல். நான்காவதில் டீச்சருக்கு இடமாற்றம், சொந்த ஊருக்கே. ஐந்தாவதில் பல் செட். மதியம் வரை இருபத்தாறு வீடு ஏறி இறங்கியாயிற்று. இருபத்துநான்கு வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சனிக்கிழமை காலையில் வாழ்க்கையில் நல்லது ஒன்று நடந்திருந்தது. மீதி இரண்டு வீட்டுக்காரர்கள் தூங்கிவிட்டார்களாம். அந்த இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது குற்றாலிங்கத்துக்கு.

ஒரு தென்னந்தோப்பு ஓரமாக ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.

“சொல்லு தம்பி. உனக்குத் தெரியும். உன் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு.”

மதலைமுத்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். “பஞ்சாங்கம் சார்.”

“என்ன பஞ்சாங்கம்?”

“கவர்மென்ட்ல அதுக்கு நேர ஒதுக்கீட்டு மையம்னு பேரு. நாங்க பஞ்சாங்கம்னு சொல்லுவோம். நாள் குறிக்கிறது அதுதான? ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பாஸ்போர்ட், படகு டிக்கெட், ஸ்கூல் அட்மிஷன், எதுக்கும் மனுஷங்க கிட்ட போக வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டர்தான். போன்ல கேட்டா அது நாள் சொல்லும். வந்து பதினஞ்சு வருஷம் ஆகுது. ஆரம்பத்துல ரொம்ப நல்லாருந்துச்சு சார். லஞ்சம் கிடையாது, சிபாரிசு கிடையாது.”

“அப்புறம்?”

“அதுக்கு எல்லாரையும் தெரியும் சார். யாருக்கு என்ன வேணும், எத்தன நாளா காத்துக்கிட்டு இருக்கான், யார் கூட பேசுறான், யாரைத் திட்டுறான், எல்லாம். எவன் ஆளுங்கட்சிக்கு எதிரா குத்துவான்னு அது கணக்குப் போட்டு வச்சுக்கும். எலெக்ஷன் அன்னிக்கு அவனுக்கு ஒரு நல்ல காரியம் வைக்கும். வேற தீவுல வைக்கும். அவ்வளவுதான்.”

குற்றாலிங்கம் நோட்டை மறுபடி புரட்டினார். அவர் காலத்தில் ஓட்டைத் தடுப்பதற்கு அரிவாளோடு ஆள் நிற்கும். இங்கே நல்ல சேதி வருகிறது. அரிவாள்காரன் மேல் புகார் எழுதலாம். பல் செட்டின் மேல் என்னத்தை எழுதுவது?

“போகாம இருக்கலாம்லா? ஓட்டுப் போட்டுட்டு வாரேன், நாள மாத்திக் கொடுன்னு கேக்கலாம்லா?”

“கேக்கலாம். திரும்ப வரிசையில கடைசிக்குப் போயிருவீங்க.”

“இது ஊருக்கே தெரியுமா?”

“தெரியாம என்ன சார்? எங்க மச்சான் ஆளுங்கட்சி மெம்பரு. ரெண்டு வருஷமா படகு லைசென்ஸ் வரல. ஒரு நாள் எதிர்க்கட்சிக் கொடிய வாங்கி வீட்டுக் கூரை மேல கட்டுனான், பிரதமரக் கெட்ட வார்த்தையில திட்டிப் பத்து பேருக்கு மெசேஜ் போட்டான். நேத்து லைசென்ஸ் வாங்கிட்டு வந்துட்டான். எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு எம்புட்டுக் கூட்டம் தெரியுமா சார் இப்பல்லாம்? நிக்க எடம் இருக்காது.”

“அட கடவுளே. அப்ப நெசமான எதிர்க்கட்சிக்காரன் யாருடே?”

மதலைமுத்து முதல் தடவையாகச் சிரித்தான். “யாருக்கு சார் தெரியும்? எனக்கே என்னப் பத்தித் தெரியல.”

பட்டியலில் நான்கு பெயர் அடுத்தடுத்து இருந்த ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டிலிருந்து சவுந்தரம் என்கிற அம்மாள் எட்டிப் பார்த்தார். இடது கண் பளிச்சென்று இருந்தது, வலது கண்ணில் பால்போலப் புரை மூடியிருந்தது.

“வேணி வீட்டுக்காரங்களா? பட்டணத்துல இருக்காங்க. பிள்ளைக்கு நெஞ்சு ஆபரேஷன். ரெண்டரை வருஷமா காத்துக் கெடந்து, நேத்துதான் நடந்துச்சு. மாமனார் மாமியாரோட நாலு பேரும் போயிருக்காங்க.” சொல்லிவிட்டுக் குற்றாலிங்கத்தின் கழுத்தில் தொங்கிய கண்காணிப்பாளர் அட்டையைப் பார்த்தார். முகம் மாறியது. “நீங்க எழுதுறவங்களா?”

“எழுதுறவன்தான் தாயி.”

“எழுதிராதீங்க. போன தேர்தல்ல பேப்பர்காரர் ஒருத்தர் எழுதினாரு. கேஸ் நடந்துச்சு. கோர்ட்டு என்ன சொல்லிச்சு தெரியுமா? தேர்தல் செல்லும். ஆனா தப்பான வழியில குடுத்த நாளெல்லாம் செல்லாதுன்னுச்சு. எனக்கு அப்பத்தான் ஒரு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சிருந்துச்சு. இந்தக் கண்ணுக்கும் அதோட சேத்தே மறு வாரம் நாள் குறிச்சிருந்தாங்க.” வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். “அஞ்சு வருஷம் ஆச்சு. இது அப்படியே இருக்கு.”

குற்றாலிங்கம் நோட்டை மூடினார். அன்றைக்கு அதற்கு மேல் எந்த வீட்டுக் கதவையும் தட்ட அவருக்குக் கை வரவில்லை.

திங்கள் காலைப் படகில் தலைநகரத்துக்குத் திரும்பினார்கள். செவ்வாய் பகல் பன்னிரண்டு மணிக்கு குழுவின் அறிக்கை. அதற்குள் யாராவது முறைகேடு கண்டிருந்தால் மஞ்சள் படிவம் என்று ஒன்று உண்டு. ஜோடியாகப் போன இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அறிக்கையில் அதைச் சொல்லாமல் விட முடியாது. சொன்னால் உலகமே கேட்கும்.

குற்றாலிங்கத்திடம் நாற்பத்தொரு பேர் சொன்னது இருந்தது, தேதி, மணி, இடத்தோடு. சாதாரண நாளில் கிழக்குத்தீவில் ஏழெட்டுப் பேருக்குத்தான் நாள் குறித்துக் கொடுக்குமாம் பஞ்சாங்கம். அந்த ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் இருநூறு பேருக்கு மேல். இதை வைத்து ஒரு தேர்தலையே சந்திக்கு இழுத்துவிடலாம். எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்தப் பிள்ளையை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். போகாமலே இருந்திருக்கலாம்.

பூரணிக்கு நான்கு வயசு. மெத்தையில் பாதிகூட நிறையவில்லை. நெஞ்சில் கட்டு. மூக்கில் குழாய். தாய் கமலவேணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பிள்ளையின் விரல்களைத் தன் உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்காணிப்பாளர் என்று தெரிந்ததும் எழுந்துவிட்டாள். கணவன் ஓரமாகச் சுவரோடு ஒட்டி நின்றான், மெலிந்த ஆள், கைகட்டிக்கொண்டு.

“உக்காரும்மா, உக்காரு. நான் சும்மா பாக்க வந்தேன்.”

“இந்த விரலப் பாருங்கய்யா” என்றாள். “முந்தா நாள் வரைக்கும் நீலமா இருந்துச்சு. நாலு எட்டு நடந்தா குத்த வச்சு உக்காந்துரும். இப்பப் பாருங்க, செவப்பா.”

உண்மைதான். விரல்நுனிகள் எல்லாம் ரோஸாக இருந்தன. தூக்கத்தில் அந்தப் பிள்ளை ஒரு விரலை மடக்கி நீட்டியது. குற்றாலிங்கம் குனிந்து பார்த்தார்.

“சரியாயிட்டாம்மா அப்ப?”

“இது பாதிதான்யா. இப்போதைக்கு ஒரு குழாய் வச்சு விட்டிருக்காங்க. பிள்ள வளரும், குழாய் வளராதுல்ல? ஒரு வருஷத்துக்குள்ள பெரிய ஆபரேஷன் பண்ணியாகணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. பண்ணிட்டா எல்லாப் பிள்ளைங்களப் போல ஓடலாமாம்.” கொஞ்சம் தயங்கினாள். “அதுக்கு நாள் இன்னும் வரலைங்கய்யா. இந்த வாரத்துக்குள்ள வந்துரும்னாங்க.”

“நீங்க நாலு பேரும் எதிர்க்கட்சியாம்மா?”

“என்ன கட்சின்னு கேட்டா என்னத்தச் சொல்ல? பிள்ளைக்கு நாள் குடுக்க மாட்டேங்குறாங்களேன்னு கவர்மென்ட்டத் தெனமும் வஞ்சேன். நெசமாத்தான் வஞ்சேன். அதுனால குடுத்துருச்சு.” அவள் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். “அய்யா, சவுந்தரக்கா போன் பண்ணுச்சு. நீங்க வீடு வீடா கேட்டு எழுதிக்கிட்டு இருக்கீங்கன்னு சொல்லிச்சு. நீங்க பொய் எழுதப் போறதில்ல. உண்மையத்தான் எழுதுவீங்க. அதுனாலதான் கேக்குறேன். எழுதாதீங்கய்யா.”

கணவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். “எங்க நாலு ஓட்டுல என்ன வந்துறப் போவுது சார்.”

நாலு ஓட்டில்லை, நாடு முழுக்க நாலு நாலாக எத்தனை லட்சம் என்று சொல்ல வாயெடுத்தார் குற்றாலிங்கம். அந்த விரல் மறுபடி அசைந்தது. வந்த சொல்லை விழுங்கிவிட்டார்.

சாயங்காலம் ஓட்டல் முற்றத்தில் பிர்கிட்டாவிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார்.

“இதை நாம் ஏன் இத்தனை தேர்தலாகப் பார்க்கவில்லை?”

“நாம் வந்தவர்களைத்தானே பார்க்கிறோம்? அறுபத்துநான்கு கேள்வியும் வந்தவர்களைப் பற்றி. அந்தக் கேள்வித்தாளை நாமேதான் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறோம். பஞ்சாங்கம் அதைப் படித்திருக்காதா? அறுபத்துநான்குக்கும் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டது. கேட்காத கேள்வியில் வேலையைக் காட்டிவிட்டது.”

“எழுதுங்கள், லிங்கம். நான் கையெழுத்துப் போடுகிறேன்.”

“எழுதினால் என்ன ஆகும்?”

“தேர்தல் செல்லாது என்று நாம் சொல்ல முடியாது. கேள்வி எழுப்பலாம். அரசாங்கம் விசாரணை வைக்கும்.”

“விசாரணை முடிந்து அந்த நாட்களெல்லாம் ரத்தாகும். போன தடவை ஆனது மாதிரி.”

“ஆகலாம்.”

“அந்தப் பிள்ளை?”

பிர்கிட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எழுதாவிட்டால் அடுத்த தேர்தலிலும் இதுதான். அதற்கடுத்ததிலும் இதுதான்” என்றார். “ஆனால் நான் அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதினால் போடுகிறேன். எழுதாவிட்டால் கேட்க மாட்டேன்.”

நல்ல அம்மாள்தான். ஆனால் பாரத்தை முழுசாக இவர் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

குற்றாலிங்கம் முப்பத்துநான்கு வருஷத்தில் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. ஒருமுறை கலெக்டரே மிரட்டியும் போடாமல், அதற்காகத் தண்ணீரில்லாத காட்டுக்கு மாற்றலாகிப் போனவர். அந்த வீம்பு ஒன்றுதான் அவருடைய ஆயுள் சம்பாத்தியம். பிள்ளைகளிடமும் சம்பந்தி வீட்டிலும் அதைச் சொல்லிச் சொல்லி அவர்கள் காது புளித்துப்போயிருந்தது. மஞ்சள் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தீவின் பெயர், பூத் எண், தேதி எழுதினார். அதற்குக் கீழே எழுத ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்த ரோஸ் விரல்நுனி வந்து நின்றது.

ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது ஆபரேஷன் முடிந்துவிடட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் ஊரிலிருந்தே எழுதலாம், பத்திரிகைக்கு எழுதலாம், உலகத்துக்கே எழுதலாம். ஒரு வருஷம்தானே? சப்பைக்கட்டுதான். சப்பைக்கட்டு என்று தெரிந்தேதான் கட்டினார். காலையில் மஞ்சள் படிவத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, அறுபத்துநான்கு ‘ஆம்’ குறித்த படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குக் குழுத் தலைவர் அறிக்கையை வாசித்தார். தேர்தல் அமைதியாகவும் ஒழுங்காகவும் நடந்தது. வாக்காளர்கள் எவ்விதத் தடையுமின்றி வாக்களித்தனர். கண்காணித்த வாக்குச்சாவடிகளில் தொண்ணூற்றொன்பது சதவீதம் ‘மிக நன்று’. கைதட்டினார்கள். குற்றாலிங்கமும் தட்டினார். தட்டிவிட்டுத் தன் கையைப் பார்க்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. பக்கத்தில் பிர்கிட்டா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று மாலையே விமானம் ஏறிவிட்டார். போகும்போது குற்றாலிங்கத்தின் தோளைத் தட்டினார்.

வியாழக்கிழமை மதியம் குற்றாலிங்கத்துக்கு விமானம். பெட்டியை மதலைமுத்துவின் வண்டியில் ஏற்றிவிட்டு, “ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டுப் போவம்” என்றார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு துணிப் பொம்மை வாங்கிக்கொண்டார். மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. கெட்ட காரியம் ஒன்றைச் செய்தாலும் ஒரு உயிருக்காகச் செய்தோம் என்ற ஆறுதல் மனுஷனுக்குப் போதும்போலிருக்கிறது.

பூரணி உட்கார்ந்திருந்தாள். பொம்மையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கமலவேணி பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம்.

“நாள் வந்துட்டாம்மா?” என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்.

“வந்துருச்சுங்கய்யா.”

போனை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். ஆபரேஷன் பெயர் சரி. பிள்ளையின் பெயர் சரி. ஆஸ்பத்திரி சரி. தேதி மார்ச் மாதம், இரண்டாவது சனிக்கிழமை. அது போன சனிக்கிழமைதானே, தப்பாக அடித்திருப்பார்களோ என்று நினைத்தார். அப்புறம்தான் வருஷத்தைப் பார்த்தார்.

ஐந்து வருஷம் கழித்து.

“இது... இது தப்பும்மா. டாக்டர் ஒரு வருஷம்னுலா சொன்னாரு?”

“டாக்டரு இன்னமும் அதத்தான் சொல்றாரு. நாள் குறிக்கிறது அவரு கையில இல்லையாம்.” அவள் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்திருந்தாள். “எங்க நாட்டுல தேர்தல் நாள் சட்டத்துலயே எழுதிருக்குய்யா. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா, மார்ச் மாசம் ரெண்டாவது சனி.”

குற்றாலிங்கம் போனைத் திருப்பிக் கொடுத்தார். எவ்வளவு சுலபமான கணக்கு! தேர்தல் முடிந்துவிட்டது. இந்த நாலு ஓட்டும் இனிமேல் ஐந்து வருஷத்துக்கு யாருக்கும் இடைஞ்சல் இல்லை. எதற்காக இப்போது நாள் கொடுக்க வேண்டும்? அந்தப் பொறிக்குக் கோபமும் கிடையாது, வஞ்சமும் கிடையாது. அவர் எழுதியிருந்தாலும் இந்தப் பிள்ளைக்கு இதுதான், எழுதாவிட்டாலும் இதுதான். பொய்க் கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். பதினோரு தேர்தல் நடத்தின மண்டைக்கு இது உறைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

“நான் எழுதுதேம்மா” என்றார். “இப்பவே எழுதுதேன். அறிக்கை போனாப் போட்டும். பத்திரிகைக்கு எழுதுதேன், நாடு நாடா எழுதுதேன். என் நோட்டு இருக்கு. நாப்பத்தொரு பேர் சொன்னது இருக்கு.”

“அய்யய்யோ, வேண்டாங்கய்யா!” அவள் பதறிப்போய் அவர் கையையே பிடித்துவிட்டாள். “எழுதினா இந்த நாளும் போயிரும்.”

“இந்த நாள வச்சு என்னம்மா பண்ணப் போற? அஞ்சு வருஷம்...” பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தது.

“நாள்னு ஒண்ணு கையில இருக்குல்ல?” என்றாள் கமலவேணி. “இவரு சொல்றாரு, நடுவுல எங்க எம்.பி. செத்துட்டா இடைத்தேர்தல் வருமாம். அப்ப முன்னாடியே குடுத்தாலும் குடுக்கும். அந்த ஆளுக்கு வயசு எழுபத்தொண்ணு. சர்க்கரையும் இருக்காம்.”

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத முகம். அவன் சட்டைப்பையில் எம்.பி.யின் படம் போட்ட செய்தித்தாள் துண்டு மடிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே மதலைமுத்து ஹார்ன் அடித்தான். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. குற்றாலிங்கம் பிள்ளையின் தலையில் கை வைத்தார். அவள் விரலை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பினார்.

கமலவேணி வாசல் வரை கூடவே வந்தாள்.

“அடுத்த தேர்தலுக்கும் நீங்கதான வருவீங்க, அய்யா?”

“தெரியலையேம்மா. வயசாவுதுலா. கூப்பிட்டா வருவேன்.”

“வாங்கய்யா. வந்து எங்க பூத்தையே பாருங்க. நாங்க நாலு பேரும் அன்னிக்கும் வர மாட்டோம்.” அவள் கும்பிட்டாள். “அப்பவும் எழுதிராதீங்கய்யா.”

குற்றாலிங்கம் தலையை ஆட்டினார்.